நியூயார்க் அரசுப் பள்ளிகளில் பிள்ளையின் தரவு: கல்விச் சட்டம் 2-டியைப் பெற்றோர் கையாளும் முறை

நியூயார்க் மாநிலத்தில் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்த்த சில நாள்களிலேயே, அதன் பெயர், பிறந்த தேதி, முகவரி, மதிப்பெண், சாப்பாட்டுக் கணக்கு, சில சமயம் உடல்நலக் குறிப்புகள் வரை பல தனியார் நிறுவனங்களின் சர்வர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இதில் எதற்கும் பெற்றோரிடம் தனித்தனியாகக் கையெழுத்து வாங்க மாட்டார்கள். வாங்க வேண்டிய கட்டாயமும் பெரும்பாலும் இல்லை. ஆனால் எந்த நிறுவனத்துக்கு, எதற்காக, எவ்வளவு காலத்துக்கு என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த உரிமையைத் தருவது மாநிலக் கல்விச் சட்டத்தின் 2-டி பிரிவு.

2014-இல் வந்த சட்டம் இது. மாணவர் தரவு முழுவதையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்க முயன்ற இன்புளூம் என்ற அமைப்புக்கு எதிராகப் பெற்றோர் திரண்டார்கள். அந்த எதிர்ப்பில்தான் சட்டம் பிறந்தது, அதே ஆண்டு ஏப்ரலில் இன்புளூமும் மூடப்பட்டது. சட்டத்தை நடைமுறைப்படுத்தும் விதிகள் ‘பகுதி 121’ என்ற பெயரில் 2020 ஜனவரியில்தான் வந்தன. பள்ளிக்கு எழுதும்போது ‘கல்விச் சட்டம் 2-டி, பகுதி 121’ என்று இரண்டையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். எந்த மேசைக்குப் போக வேண்டிய கடிதம் என்பது அப்போதுதான் அவர்களுக்கு உடனே தெரியும்.

ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுகள் (ஓர் ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாக அமைப்புகள்), பல டிஸ்ட்ரிக்டுகளுக்குப் பொதுவாகச் சேவை தரும் போசெஸ் மையங்கள், அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தோடு இயங்கும் சார்ட்டர் பள்ளிகள், மாநிலக் கல்வித் துறை ஆகியவற்றை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தும். சாதாரணத் தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இது பொருந்தாது. அங்கே உங்களுக்கும் பள்ளிக்கும் உள்ள ஒப்பந்தம்தான் பேசும்.

சேர்க்கைப் படிவத்திலேயே தொடங்குங்கள்

கொடுக்காத தரவு கசியாது. சேர்க்கையின்போது சோஷியல் செக்யூரிட்டி எண்ணையோ குடிவரவு நிலையையோ கேட்கக் கூடாது என்று மாநில விதி சொல்கிறது. பழைய படிவங்களில் அந்தக் கட்டம் இன்னும் இருந்தால் காலியாக விட்டுவிடுங்கள். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வந்த பிள்ளைகளுக்கு அந்த எண் பெரும்பாலும் இருக்காது. அதற்குப் பதிலாக விசா நகலோ, நாட்டுக்குள் நுழைந்ததற்கான ஐ-94 பதிவின் நகலோ கொடுத்துவிடும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. அது தேவையில்லை. வயதுக்கு ஒரு சான்று, டிஸ்ட்ரிக்டில் குடியிருப்பதற்குச் சான்று, தடுப்பூசி விவரம் இவை போதும். வயதுச் சான்றாகப் பாஸ்போர்ட் காட்டுவதானால் புகைப்படமும் பிறந்த தேதியும் உள்ள பக்கத்தை மட்டும் காட்டுங்கள். விசா ஒட்டிய பக்கம் வேண்டாம்.

பெயரைப் படிவத்தில் எப்படி எழுதுகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் விசாவில் முதல் பெயருக்கான இடத்தில் ‘எஃப்என்யூ’ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகும். பள்ளி அலுவலகம் அதையே பெயராகத் தட்டச்சு செய்துவிட்டால், ‘எஃப்என்யூ கயல்விழி’ என்று ஒரு கணக்கும் ‘கயல்விழி முருகேசன்’ என்று இன்னொரு கணக்கும் வெவ்வேறு செயலிகளில் உருவாகும். மதிப்பெண் ஒன்றில், வருகைப் பதிவு ஒன்றில் என்று பிரிந்து போகும். பிறகு ஒரு கணக்கை அழிக்கச் சொன்னாலும் மற்றது அப்படியே கிடக்கும். பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டையும் தெளிவாக எழுதிக் கொடுத்து, பதிவான பின் பெற்றோர் போர்ட்டலில் ஒருமுறை சரிபாருங்கள்.

அதே வாரத்தில் இன்னொன்றையும் முடித்துவிடுங்கள். 1974-ஆம் ஆண்டின் ஃபெர்ப்பா என்ற மத்தியச் சட்டப்படி, பெயர், முகவரி, தொலைபேசி எண், புகைப்படம் போன்றவற்றை ‘டைரக்டரி தகவல்’ என்று வகைப்படுத்திப் பள்ளி வெளியாருக்குக் கொடுக்கலாம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் கொடுக்க முடியாது. அதற்கான கெடு ஆண்டு தொடக்க அறிவிப்பில் இருக்கும். உயர்நிலைப் பள்ளி என்றால் ராணுவ ஆள்சேர்ப்பாளர்களுக்குத் தகவல் தருவதை மறுக்கும் கட்டம் பல இடங்களில் தனியாக இருக்கும். இரண்டையும் நிரப்புங்கள். ஒரே ஒரு சிக்கல்: சில பள்ளிகளில் டைரக்டரி தகவலை முழுவதுமாக மறுத்தால் இயர்புக்கிலும் பிள்ளையின் படம் வராது. படிவத்தில் பிரித்துத் தேர்வு செய்ய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், இயர்புக் மட்டும் சம்மதம் என்று கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் எதைத் தேடுவது

ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டும் தரவுத் தனியுரிமைக்கான ‘பெற்றோர் உரிமைச் சாசனம்’ ஒன்றைத் தன் தளத்தில் வெளியிட வேண்டும். அதைப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம். சாசனம் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே வாசகம்தான். உண்மையான விஷயம் அதோடு சேர்ந்த ‘துணைத் தகவல்’ பக்கத்தில் இருக்கிறது. மாணவர் தரவைப் பெறும் ஒவ்வொரு நிறுவனத்தின் கான்ட்ராக்டுக்கும் தனித்தனியாக ஒரு துணைத் தகவல் வெளியாக வேண்டும். அதில் ஆறு விஷயங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: தரவு எந்த நோக்கத்துக்கு மட்டும் பயன்படும், துணை ஒப்பந்தக்காரர்கள் இருந்தால் அவர்களும் இதே கட்டுப்பாட்டை எப்படிக் கடைப்பிடிப்பார்கள், கான்ட்ராக்ட் எப்போது முடியும், முடிந்ததும் தரவு அழிக்கப்படுமா, திருப்பித் தரப்படுமா, தவறான தரவைப் பெற்றோர் எப்படி மறுக்கலாம், தரவு எங்கே சேமிக்கப்படுகிறது, என்ன பாதுகாப்பு, எப்படி என்கிரிப்ட் செய்யப்படுகிறது.

இந்த ஆறில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது மூன்றாவது. கான்ட்ராக்ட் முடிவுத் தேதி கடந்திருந்தும் செயலி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், புதுப்பித்த ஆவணம் தளத்தில் ஏற்றப்படவில்லை, அல்லது கான்ட்ராக்டே இல்லாமல் ஓடுகிறது. இரண்டுமே கேட்க வேண்டிய கேள்விகள். செயலியின் பயன்பாடு நின்றுபோயிருந்தால், தரவு அழிக்கப்பட்டதற்கு நிறுவனம் எழுத்தில் உறுதி கொடுத்ததா என்று கேளுங்கள். பழைய தரவு சும்மா கிடப்பதுதான் பெரிய ஆபத்து. 2024 டிசம்பரில், பள்ளிகளுக்கு மாணவர் பதிவு மென்பொருள் தரும் பவர்ஸ்கூல் நிறுவனத்தில் நடந்த திருட்டில், பள்ளியை விட்டு எப்போதோ போய்விட்ட முன்னாள் மாணவர்களின் விவரங்களும் போயின. அவை அந்த அமைப்பிலேயே தங்கியிருந்ததுதான் காரணம்.

அடுத்து, பிள்ளை உண்மையில் என்னென்ன பயன்படுத்துகிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். பிள்ளையை அருகில் உட்காரவைத்து, பள்ளிக் கணக்கில் நுழைந்ததும் வரும் செயலிப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். எல்லாச் செயலிகளுக்கும் ஒரே நுழைவாக இருக்கும் கிளெவர் அல்லது கிளாஸ்லிங்க் பயன்படுத்தும் பள்ளி என்றால் எல்லா ஐகான்களும் ஒரே பக்கத்தில் தெரியும். பிறகு கூகுள் கிளாஸ்ரூமில் ஒவ்வொரு ஆசிரியரும் கொடுத்த இணைப்புகளைப் பாருங்கள். பட்டியலில் இல்லாத செயலிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் அகப்படும். நல்ல எண்ணத்தோடு ஓர் ஆசிரியர் இலவச வினாடி வினாத் தளம் ஒன்றில் வகுப்பு முழுவதையும் சேர்த்திருப்பார். ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்தியதோடு வேலை முடிந்தது என்று நினைத்திருப்பார். பகுதி 121-இன்படி அந்தப் பொத்தானை அழுத்துவதும் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம்தான். அதற்கும் சட்டத்தின் எல்லா நிபந்தனைகளும் உண்டு. இலவசச் செயலி என்பதால் விலக்கு இல்லை.

உங்கள் பட்டியலையும் டிஸ்ட்ரிக்ட் பட்டியலையும் ஒப்பிட்டு, விடுபட்ட பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியரிடம் போய்ச் சண்டை போட வேண்டாம். அவருக்குப் பெரும்பாலும் இந்த விதி தெரிந்திருக்காது. பதில் சொல்ல வேண்டியவர் டிஸ்ட்ரிக்டின் தரவுப் பாதுகாப்பு அதிகாரி. ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டும் ஒருவரை இந்தப் பொறுப்பில் நியமித்தே ஆக வேண்டும். சிறிய ஊர்களில் டெக்னாலஜி டைரக்டரே இதையும் சேர்த்துப் பார்ப்பார்.

கடிதம் எழுதும்போது

ஆங்கிலத்தில், மின்னஞ்சலில், ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். தொலைபேசியில் கேட்டால் கெடு ஓடத் தொடங்கியதற்கு ஆதாரம் இருக்காது. பிள்ளையின் முழுப் பெயர், பள்ளி, வகுப்பு. விடுபட்ட செயலிகளின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் துணைத் தகவல் எங்கே இருக்கிறது என்ற கேள்வி. பிள்ளையின் கல்விப் பதிவுகளைப் பார்வையிட வேண்டும் என்ற கோரிக்கை. இவ்வளவு போதும். கோபம் வேண்டாம், சட்டப் பிரிவுகளை அடுக்கவும் வேண்டாம்.

பார்வையிடும் கோரிக்கையைக் குறிப்பாக எழுதுவது முக்கியம். ‘எல்லாப் பதிவுகளும்’ என்று கேட்டால் மதிப்பெண் அட்டையும் வருகைப் பதிவும் அச்சிட்டுக் கொடுத்து முடித்துவிடுவார்கள். ‘இந்தச் செயலியின் நிறுவனத்திடம் டிஸ்ட்ரிக்டின் சார்பில் உள்ள என் பிள்ளையின் தரவையும் சேர்த்து’ என்று எழுதுங்கள். கோரிக்கை டிஸ்ட்ரிக்டுக்குத்தான் போக வேண்டும். நிறுவனத்துக்கு நேரடியாக எழுதினால் ‘உங்கள் பள்ளியைக் கேளுங்கள்’ என்று திருப்பிவிடுவார்கள், அப்படிச் செய்வது அவர்கள் தரப்பில் சரியும்கூட. டிஸ்ட்ரிக்டுக்கு 45 நாள் அவகாசம் உண்டு. இது காலண்டர் நாள் கணக்கு. நீங்கள்தான் பெற்றோர் என்று உறுதி செய்ய அடையாள அட்டை கேட்பார்கள், கொடுங்கள்.

பதிவில் பிழை இருந்தால் திருத்தக் கோரலாம். மறுத்தால் விசாரணை கேட்கலாம். ஆசிரியர் போட்ட மதிப்பெண் நியாயமா என்ற வழக்குக்கு இந்த வழி உதவாது. பெயர், தேதி, தவறாக ஏறிய ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பு போன்றவற்றுக்கு உதவும்.

குரோம்புக் என்ன பார்க்கிறது

கண்காணிப்பு என்று வரும்போது 2-டியின் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். தரவை விற்கக் கூடாது, விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. பள்ளி கொடுத்த கருவியில் பிள்ளை என்ன தட்டுகிறது என்று பார்ப்பதை அது நேரடியாகத் தடுப்பதில்லை. இன்டர்நெட் கட்டணத்தில் மத்தியச் சலுகை பெறும் பள்ளிகள், சிப்பா என்ற 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வடிகட்டி வைக்கவும் சிறார்களின் இணையப் பயன்பாட்டைக் கவனிக்கவும் கடமைப்பட்டவை. அந்தக் கடமையைச் சாக்காக வைத்து, அது கேட்காத அளவுக்கும் பல டிஸ்ட்ரிக்டுகள் போய்விடுகின்றன.

மினசோட்டா 2022-இல் இதற்குத் தெளிவான கோடு போட்டது. பள்ளிக் கருவியின் இருப்பிடம், கேமரா, மைக், விசைத் தட்டல்கள், இணைய உலாவல் ஆகியவற்றைப் பள்ளியோ நிறுவனமோ பார்க்கக் கூடாது. விதிவிலக்குகள் சட்டத்திலேயே எண்ணி எழுதப்பட்டிருக்கின்றன. உயிருக்கு ஆபத்து போன்ற காரணத்துக்காகப் பார்த்தால் 72 மணி நேரத்துக்குள் பெற்றோருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். 2-டியில் அப்படி ஒரு பிரிவு இல்லாததால், நியூயார்க்கில் டிஸ்ட்ரிக்டின் சொந்தக் கொள்கையைக் கேட்டு வாங்குவதுதான் வழி. கேட்க வேண்டியவை: எந்த மென்பொருள் (கோகார்டியன், காகிள், செக்யூர்லி, லைட்ஸ்பீட் ஆகியவை பரவலாக உள்ளவை); பள்ளி நேரத்தில் மட்டுமா, இரவிலும் விடுமுறையிலுமா; எச்சரிக்கை யாருக்குப் போகிறது, பள்ளி மூடிய நேரத்தில் போலீசுக்குப் போகிறதா; கேமராவையோ இருப்பிடத்தையோ தொலைவிலிருந்து இயக்க முடியுமா; பதிவுகள் எத்தனை நாள் வைத்திருக்கப்படுகின்றன.

கேமரா கேள்வியைத் தவிர்க்காதீர்கள். பென்சில்வேனியாவின் லோயர் மெரியன் டிஸ்ட்ரிக்ட், மாணவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோன மடிக்கணினிகளின் கேமராவைத் தொலைவிலிருந்து இயக்கிப் படம் எடுத்தது 2010-இல் வழக்கானது. 6,10,000 டாலர் கொடுத்துத்தான் சமரசம் ஆனது. திருட்டுப்போன கருவியைக் கண்டுபிடிக்க வைத்திருந்த வசதி அது.

வீட்டில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. பிள்ளை வீட்டுப் பாடத்தை அப்பாவின் லேப்டாப்பில் செய்ய வசதியாக, குரோம் பிரவுசரிலேயே பள்ளிக் கணக்கைச் சேர்த்துவிடுகிறது. சேர்த்ததும் பள்ளியின் நிர்வாகக் கொள்கைகளும் கண்காணிப்பு எக்ஸ்டென்ஷனும் அந்தச் சுயவிவரத்துக்குள் தானாக வந்து உட்கார்ந்துவிடும். பிறகு அதே சுயவிவரத்தில் யார் எதைத் தேடினாலும் அது பள்ளிப் பதிவுக்குப் போகலாம். குரோமின் வலது மேல் மூலையில் உள்ள படத்தைச் சொடுக்குங்கள். இந்தச் சுயவிவரத்தை வேறொரு நிறுவனம் நிர்வகிக்கிறது என்று காட்டினால் விஷயம் இதுதான். பள்ளிக் கணக்குக்கென்று தனிச் சுயவிவரம் ஒன்றை உருவாக்குங்கள். வீட்டாரின் கணக்கு எதையும் அதில் திறக்காதீர்கள், வேலை முடிந்ததும் அந்தச் சாளரத்தை மூடுங்கள். இயலும்போது பள்ளி வேலையைப் பள்ளிக் கருவியிலேயே முடிப்பது இன்னும் நல்லது. பெரிய பிள்ளைகளிடம் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவையுங்கள்: பள்ளிக் கணக்கின் டாக்ஸில் எழுதும் நாட்குறிப்பும் தோழிக்கு அனுப்பும் செய்தியும் தனிப்பட்டவை அல்ல.

முகம், கைரேகை

நியூயார்க்கின் லாக்போர்ட் நகர டிஸ்ட்ரிக்ட், பள்ளித் தொழில்நுட்பத்துக்கென மாநிலம் தரும் ஸ்மார்ட் ஸ்கூல்ஸ் பணத்திலிருந்து 14 லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டு, 2020 ஜனவரியில் முகம் அடையாளம் காணும் கேமராக்களை இயக்கியது. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே மாநிலம் தற்காலிகத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2023 செப்டம்பர் 27 அன்று கல்வி ஆணையர் பெட்டி ரோசா, பள்ளிகள் இத்தொழில்நுட்பத்தை வாங்கவோ பயன்படுத்தவோ கூடாது என்று உத்தரவிட்டார். ஆகவே நியூயார்க் பள்ளியில் முக அடையாளம் என்று யாராவது சொன்னால், அதில் விவாதத்துக்கே இடமில்லை.

கைரேகை வைத்துச் சாப்பாடு வாங்குவது போன்ற மற்ற உயிரளவை முறைகளை அந்த உத்தரவு டிஸ்ட்ரிக்டின் முடிவுக்கு விட்டிருக்கிறது. ஆனால் தனியுரிமை, குடியுரிமைகள், பயன், பெற்றோர் கருத்து இந்த நான்கையும் கருத்தில் கொண்டிருக்க வேண்டும். ஸ்கூல் போர்டு கூட்டத்தில் இப்படி ஒரு திட்டம் வந்தால், நான்காவதைப் பிடித்துக் கேளுங்கள்: பெற்றோர் கருத்து எந்தத் தேதியில், எப்படிக் கேட்கப்பட்டது? போர்டு கூட்ட நிகழ்ச்சிநிரல் முன்கூட்டியே தளத்தில் வரும். வாங்கும் தீர்மானங்கள் பெரும்பாலும் ‘கன்சென்ட் அஜெண்டா’ என்ற மொத்தப் பட்டியலில் ஒரு வரியாக ஒளிந்திருக்கும். அந்தப் பட்டியலைத்தான் ஊன்றிப் படிக்க வேண்டும், ஏனென்றால் நிறைவேறிய பிறகு கான்ட்ராக்டை நிறுத்துவது மிகக் கடினம்.

பதில் வராவிட்டால்

தனியுரிமை மீறல் என்று தோன்றினால் டிஸ்ட்ரிக்டிடம் முறையான புகார் கொடுங்கள். அவர்கள் உடனே பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, விசாரித்து, 60 நாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். நேரம் போதாது என்றால் அதையும் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும். மாநிலக் கல்வித் துறையின் தலைமைத் தனியுரிமை அதிகாரியிடமும் புகார் செய்யலாம். அலுவலகம் ஆல்பனியில், 89 வாஷிங்டன் அவென்யூவில் இருக்கிறது. தவறு செய்த நிறுவனத்தை அதிகபட்சம் 5 ஆண்டு வரை மாணவர் தரவைத் தொடவிடாமல் தடுக்கும் அதிகாரம் அங்கே இருக்கிறது. நிறுவனங்கள் அபராதத்தைவிட இதற்குத்தான் அஞ்சும்.

டிஸ்ட்ரிக்ட் மீது 2-டியின் கீழ் பெற்றோர் தனியாக வழக்குப் போடச் சட்டம் இடம் தரவில்லை. அதனால்தான் தேதியிட்ட கடிதங்களுக்கு இவ்வளவு மதிப்பு. மாநில அட்டர்னி ஜெனரல் களத்தில் இறங்கும்போது ஆவணங்கள்தான் பேசும். தேர்வு நாளில் பள்ளியில் திரட்டிய மாணவர் விவரங்களை வணிக நோக்கில் பயன்படுத்தியதாக, கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்ஏடியை நடத்தும் காலேஜ் போர்டு 2024 பிப்ரவரியில் 7,50,000 டாலர் கட்டியது இந்த 2-டியின் கீழ்தான். எஸ்ஏடி, அதற்கு முந்தைய பயிற்சித் தேர்வான பிஎஸ்ஏடி ஆகியவற்றின்போது, படிக்க விரும்பும் துறை போன்ற சொந்த விவரங்களைக் கேட்கும் பகுதி பாடத்தேர்வு அல்ல. அதைப் பிள்ளை நிரப்ப வேண்டியதில்லை.

கான்ட்ராக்டின் முழு நகல் வேண்டுமென்றால் ஃபாயில் என்ற தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். டிஸ்ட்ரிக்டின் ரெக்கார்ட்ஸ் அக்செஸ் ஆபீசருக்கு எழுத வேண்டும். 5 வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும், மறுக்க வேண்டும், அல்லது எப்போது தருவோம் என்று சொல்ல வேண்டும். காகித நகலுக்குப் பக்கத்துக்கு 25 சென்ட் வரை கேட்கலாம், ஆகவே மின்னஞ்சலில் கேளுங்கள். மறுத்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதைத் தவறவிடுபவர்கள் நிறைய. ‘எல்லாத் தொழில்நுட்பக் கான்ட்ராக்டுகளும்’ என்று கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். நிறுவனப் பெயர், கல்வியாண்டு இரண்டையும் குறிப்பிட்டு ஒன்றிரண்டு மட்டும் கேட்டால் விரைவில் கிடைக்கும்.

தரவு திருடு போய்விட்டால்

நிறுவனம் கண்டுபிடித்த 7 நாளுக்குள் டிஸ்ட்ரிக்டுக்குச் சொல்ல வேண்டும். டிஸ்ட்ரிக்ட் 10 நாளுக்குள் மாநிலத்துக்கும், 60 நாளுக்குள் பெற்றோருக்கும் சொல்ல வேண்டும். போலீஸ் விசாரணை கெடும், அல்லது இன்னும் அடைக்காத பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்து மேலும் தரவு போகும் என்ற நிலைகளில் மட்டும் பெற்றோருக்குச் சொல்வதைத் தாமதிக்கலாம். அறிவிப்பில் எந்தத் தேதியில் நடந்தது, எந்தத் தேதியில் தெரிந்தது, என்னென்ன வகைத் தரவு போனது என்று இருக்க வேண்டும். ‘சில தகவல்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம்’ என்று மட்டும் வந்தால், எந்த வகைத் தகவல் என்று திருப்பிக் கேளுங்கள். 2021 டிசம்பருக்கும் 2022 ஜனவரிக்கும் இடையே இல்லுமினேட் எஜுகேஷன் நிறுவனத்தில் நடந்த திருட்டில் நியூயார்க் நகரில் மட்டும் சுமார் 8,20,000 மாணவர்களின் விவரங்கள் போயின. வேலையை விட்டுப் போன ஊழியர் ஒருவரின் கணக்கு மூடப்படாமல் இருந்ததே நுழைவாசல்.

சோஷியல் செக்யூரிட்டி எண் போயிருந்தால் அன்றே பிள்ளையின் கிரெடிட்டை முடக்குங்கள், அதாவது அதன் பெயரில் வேறு யாரும் கடன் வாங்க முடியாதபடி செய்யுங்கள். 2018 செப்டம்பரிலிருந்து இது இலவசம். 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும். கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களுக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். ஒன்றில் முடக்கினால் மற்ற இரண்டிலும் முடங்காது. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் நகல், சோஷியல் செக்யூரிட்டி அட்டை நகல், உங்கள் அடையாள அட்டை, முகவரிச் சான்று ஆகியவற்றைத் தபாலில் கேட்பார்கள். இந்தியாவிலோ இலங்கையிலோ வாங்கிய பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தால், சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வர வாய்ப்புண்டு. முடக்கியதும் வரும் உறுதிக் கடிதங்களையும் பின் எண்களையும் பிள்ளையின் பாஸ்போர்ட்டோடு ஒரே உறையில் வையுங்கள். கல்லூரிக் கடனோ முதல் கிரெடிட் கார்டோ எடுக்கும்போது முடக்கத்தை நீக்க அவை தேவைப்படும்.